பதிவுக்கு முந்திய மாதங்கள்

லண்டனுக்கு வந்த முதல் வருடம் என் கைகளுக்கு வேலை இருக்கவில்லை. அதற்கு முன்பு ரொறன்ரோவில் நாள் முழுக்க மற்றவர்களின் முதுகுகளோடு இருந்த கைகள் அவை. நான் கைரோபிராக்டர். முதுகெலும்பையும் கழுத்தையும் மூட்டுகளையும் தொட்டுப் பார்த்து, எங்கே இறுக்கம் என்று கண்டுபிடித்து, கையாலேயே அழுத்தி இளக்கிவிடுகிற தொழில். கனடாவில் அதற்கு வருடக்கணக்காகப் படித்தேன். மாகாணத்தின் அனுமதி எடுத்து ஒரு சின்னக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். பிறகு லண்டனில் ஆஸ்பத்திரித் தாதியாக வேலை செய்யும் ஒருத்தியைக் கலியாணம் செய்தேன். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனைத் தனியே விட்டுவிட்டு வர அவளால் முடியாது. ஆகவே நான் வந்தேன்.

அவளின் தகப்பனான மாமாவின் வீடு தெற்கு லண்டனில், நோர்பரியில் இருந்தது; நாங்களும் அங்கேதான் தங்கினோம். மாமா மன்னாரிலிருந்து இளம் வயதில் வந்து, தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். லண்டனின் எந்த இடத்தைச் சொன்னாலும் முதலில் அவர் வாயில் அதன் தபால் குறியீடுதான் வரும். கத்தோலிக்கர், ஞாயிறு தமிழ்ப் பூசையைத் தவறவிடமாட்டார். நான் வந்து இறங்கிய வாரமே என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "என்ரை மருமகன், கனடாவிலை டொக்டர்" என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கைரோபிராக்டர்களை அப்படி அழைப்பது வழக்கம்தான். இங்கே அப்படிச் சொன்னால் ஆட்கள் வேறு மாதிரி விளங்கிக்கொள்வார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறும் அப்படியே சொன்னார்.

கனடாவில் எடுத்த அனுமதி கடல் தாண்டி வராது. இங்கே பாராளுமன்றம் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அமைந்த சபையின் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. சொன்னால் குற்றம், நீதிமன்றத்துக்குப் போகலாம். வெளிநாட்டில் படித்தவர்கள் ஒரு குழுவின் முன்னால் இருந்து தங்கள் அறிவைக் காட்டவேண்டும். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வரவேண்டும். உடல்நல அறிக்கை, காப்புறுதி எல்லாம் வேண்டும். இதில் நடத்தை என்பதுதான் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. படிப்பில் குறை இருந்தால் திரும்பப் படிக்கலாம். ஒருவனின் நேர்மையில் சந்தேகம் வந்தால் என்னத்தைப் படிப்பது?

இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. ஒன்ராறியோவில் சட்டம் அந்த வேலையையே பூட்டி வைத்திருந்தது. அனுமதி உள்ளவர்களைத் தவிர வேறு யாரும் முதுகெலும்பை அழுத்தித் திருப்பக்கூடாது. இங்கே பூட்டியிருப்பது அந்தச் சொல்லை மட்டும். வேறு ஏதாவது பெயரில் பலகை போட்டு, வருகிறவர்களின் முதுகை முறிக்கிற அளவுக்கு அழுத்தினாலும் சட்டம் அதை முதல் கேள்வியாகக் கேட்பதில்லை. மனைவியோடு வேலை செய்யும் ஒருவர், மசாஜ் என்று போட்டு வீட்டிலேயே தொடங்கலாமே என்று கேட்டாராம். எனக்குத் துணிவு வரவில்லை. ஒருவரின் கழுத்தைப் பிடித்தால் என் கை பழக்கத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை மசாஜ் என்று சொல்ல என் வாய் வராது.

விண்ணப்பித்துவிட்டுச் சும்மா காத்திருக்கவும் முடியவில்லை. ஒரு தமிழ் மொத்த வியாபாரியிடம் வான் ஓட்டும் வேலை கிடைத்தது. அரிசி மூட்டை, மா மூட்டை, தேங்காய்ப்பால் பெட்டிகளைக் கடைகடையாக இறக்குவது. எப்படிக் குனியவேண்டும், எப்படித் தூக்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கை விரல்களால் அமத்திக்கொண்டிருப்பேன். நடைபாதையில் போகிறவர்களின் தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, இடுப்பு எங்கே பூட்டிக்கிடக்கிறது என்று பார்ப்பேன். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்கமாட்டேன். மின்னஞ்சல் பார்ப்பது, சமையலறைக்குப் போவது, தண்ணீர் குடிக்காமலே திரும்புவது, திரும்பவும் மின்னஞ்சல் பார்ப்பது. தார்ன்டன் ஹீத் வரை நடந்து, அங்கிருந்து என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்த நாட்களும் உண்டு. மனைவி தன் ஷிப்ட் முடிந்து களைத்து வந்து படுத்தால், என் நடை சத்தத்தில் அவளுக்கு நித்திரை வராது. கோபப்படாமல்தான் சொல்லுவாள்: "அந்தச் சப்பாத்தையாவது கழட்டிப்போட்டு நடவுங்கோ."

கோடையில் எங்கள் தமிழ்ப் பங்கின் திருவிழா வந்தது. லண்டனின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வரும். வருடா வருடம் ஒரு திருவிழா மலர் அச்சடிப்பார்கள். அதில் பாதி செபங்களும் கட்டுரைகளும், பாதி விளம்பரங்கள். பூசை முடிந்து பந்தலுக்குள் ஒரு பிரதியைப் புரட்டிக்கொண்டு நின்றேன். கேக் கடைக்கும் கலியாண மண்டபத்துக்கும் நடுவில் அரைப் பக்கத்துக்கு என் முகம். கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. கீழே என் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் கைரோபிராக்டர், கனடா. அதற்கும் கீழே மாமாவின் தொலைபேசி இலக்கம்.

 சுற்றிவர எல்லோர் கையிலும் அந்த மலர். சிலர் விசிறிக்கொண்டிருந்தார்கள். மாமா தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரியாமல் செய்து என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறார் என்று அந்தச் சிரிப்பிலேயே விளங்கியது. அதனால் அந்த இடத்தில் எதையும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்தது.

"பொய்யே போட்டனான்? நீங்கள் அதுக்குத்தானே படிச்சனீங்கள்?"

"படிச்சனான் மாமா. இங்க இன்னும் பதிவு வரேல்லை. அது வருமட்டும் என்ரை பேருக்குப் பக்கத்திலை அந்தச் சொல்லு வரக்கூடாது."

"சொல்லுக்கும் பெர்மிட்டோ?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பிறகு எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். ஆர் அந்த மலரைச் சபைக்கு அனுப்பப்போகினம், நாலு சனம் பார்த்துவிட்டு அலமாரிக்குள் போடுகிற புத்தகம், பேசாமல் விடலாம் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் தாதியர் பதிவில் இருப்பவள். பதிவு என்றால் என்ன என்று என்னைவிட அவளுக்கு உடம்பிலேயே தெரியும். நான் அறைக்குள் நடந்துகொண்டே பேசினேன். அவள் கட்டிலில் இருந்து, என்னை நிற்கச் சொன்னாள்.

"நீங்களாச் சொன்னா அது விளக்கம். வேறை ஆரும் சொன்னா அது முறைப்பாடு. ரெண்டுக்கும் பதில் ஒண்டில்லை."

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் சபைக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, மாமாவின் அன்பையும் சேர்த்து. ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த அன்பு ஒரு சாட்டுப் போலத் தெரிந்தது. அழித்துவிட்டு, குடும்பத்தில் ஒருவர் அறியாமல் செய்தார் என்று மட்டும் போட்டேன். ஓரிரு நாளில் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் பேசினார். அதட்டவில்லை. விண்ணப்பத்தோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றார், அந்த விளம்பரத்தைத் திருத்த நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தை எப்படித் திருத்துவது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இதை அறிந்த மாமா அன்று பின்னேரமே ஒரு கறுப்பு மார்க்கர் பேனா வாங்கி வந்தார். கோயில் அலுவலகத்தில் மிச்சம் கிடந்த மலர்களை எடுத்து, மண்டபத்து மேசையில் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை மட்டும் பூசி மறைத்தார். என் பெயரையும் படத்தையும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமி அதைப் பற்றி ஒரு அறிவித்தல் வாசித்தார். அது போதும் என்று நினைத்தேன். மாமாவுக்குப் போதாது. விளம்பரத்தைப் பார்த்துத் தனக்குத் தொலைபேசி எடுத்தவர்களின் வீடுகளுக்கு நேரே போய்ச் சொல்லவேண்டும் என்றார். அவர்களுக்கெல்லாம் மருமகன் வருவார், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி வைத்திருந்தாராம். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள் வானில் புறப்பட்டோம். ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு வீடு. அங்கே தேத்தண்ணி தந்தார்கள், மலரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், மாமா பூசினார். ஒரு வீட்டில் ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிவிட்டார். தொட ஏலாது அண்ணை என்றேன். கனடாக்காரருக்குப் பெருமை என்று நினைத்திருப்பார். வெளியே வந்ததும் மாமாவிடம், மிச்சப் பேருக்குத் தொலைபேசியில் சொல்லலாமே என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது. அவர் வானில் ஏறி, "இனி என்9" என்றார். லண்டனின் வடக்கில் உள்ள எட்மண்டனின் தபால் குறியீடு அது.

எட்மண்டனில் கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "வந்திட்டார்" என்று கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மாமா விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். அவர் கேட்கவில்லை. முன்னறைச் சோபாவில் படுத்திருந்த அவர் மனைவி எங்களைக் கண்டு எழுந்தார். பள்ளிக்கூடக் கன்டீன் ஒன்றில் வேலை செய்கிறவர். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். பஞ்சுக்கு மேல் நடப்பதுபோல, கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார்.

எனக்கு அந்த நடை பிடிக்கவில்லை.

முதுகுநோ போன கிழமை தொடங்கியது என்று கணவர் சொன்னார். வலி மாத்திரை போட்டார்களாம். நேற்றிலிருந்து கால் விறைப்பு. எந்தக் கால் என்று கேட்டேன். "ரெண்டும்" என்றார் அந்தப் பெண். கணவர் இடையில், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றுதான் முதலில் நினைத்ததாகவும், எங்கடை ஆள் ஒருவர் இதற்கென்றே படித்தவர் இருக்கும்போது ஏன் அங்கே போய் மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்று மாமா சொன்னபடி பொறுத்ததாகவும் சொன்னார். பிறகு என்னிடம், "ஒருக்கா அமத்தி விட்டியளெண்டா காணும்" என்றார்.

முதுகெலும்பின் அடியில் ஒரு வட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நெரித்தால் இப்படி வரும். அப்படியானால் நேரம்தான் எல்லாம். தாமதித்தால் கால் திரும்பாது, வேறு பலதும் திரும்பாது. அதை உறுதிப்படுத்த ஒரு கேள்வி இருக்கிறது. சலம் போகிறதா, அதாவது சிறுநீர் கழிகிறதா, கீழே துடைக்கும்போது உணர்ச்சி இருக்கிறதா என்பது. ரொறன்ரோவில் என் அறைக்குள் வெள்ளை மேலங்கியோடு எத்தனையோ பெண்களிடம் அதைக் கேட்டிருக்கிறேன். இங்கே, இவர்களின் முன்னறையில், கணவரும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்க, நான் யார்? மா மூட்டை இறக்குகிற ஒருவன். அந்தச் சொல்லை நான் உரிமை கோரவில்லை என்று சொல்லத்தானே வந்திருக்கிறேன்? கேட்டால் அது வைத்தியம் பார்த்ததாகுமா? சபைக்கு என்ன எழுதுவேன்? இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் ஓடியது. வாசலுக்கும் சோபாவுக்கும் இடையில் இரண்டு தரம் நடந்தேன். பிறகு என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவள் வேலையில் இருந்தாள். ஆனாலும் எடுத்தாள். மூன்று வசனத்தில் சொன்னேன். போனை அந்த அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் அதை வாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. "ஓம்... ஓம்... காலமை தொடக்கம் ஏலேல்லை" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டியபோது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

"இப்பவே கொண்டு போங்கோ," என்றாள் மனைவி. "நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. முதுகிலை ஆரும் கை வைக்க வேண்டாம். அவசரப் பிரிவு வாசலிலை, ரெண்டு காலும் விறைப்பு, சலம் போக ஏலாது எண்டு அதை முதல் சொல்லச் சொல்லுங்கோ. முதுகுநோ எண்டு தொடங்கினா இருக்க வைச்சிடுவினம்."

கணவருக்கு அப்போதும் மனமில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணை, இது நான் செய்யிற வேலை இல்லை. பதிவு இருந்தாலும் நான் இதைத் தொடமாட்டன். கார்ச் சாவியை எடுங்கோ."

அவர்கள் காரில் போக, நாங்கள் பின்னால் வானில் போனோம். வாசலில் அந்த வசனத்தை நானே சொன்னேன். தாதி ஒருத்தி உடனே சக்கரக் கதிரை கொண்டுவந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அன்றே சத்திரசிகிச்சை.

இடையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரக் கதிரையில் மாமாவும் நானும் இருந்தோம். அவர் பிளாஸ்டிக் பைக்குள் பூசி முடித்த மலர்களை வைத்துக்கொண்டிருந்தார். என்னால் இருக்க முடியாமல் எழும்பி நடந்தேன். தானியங்கிக் கதவு ஒவ்வொரு தரமும் எனக்காகத் திறந்து மூடியது.

"நான்தான் பொறுக்கச் சொன்னனான்," என்றார் மாமா.

"உங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?"

"தெரியாதுதான். தெரியாத நான் ஏன் சொன்னனான்?"

நடையை நிறுத்தினேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் இருக்கவும் முடிந்தது.

சபையின் குழு என்னைக் கூப்பிட்டது இலையுதிர்காலத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பேர் தொழில் தெரிந்தவர்கள். ஒரு பெண்மணி அந்தத் தொழிலில் இல்லாதவர், பொதுமக்கள் சார்பில் இருப்பவர். முதல் இருவரும் எலும்பு, நரம்பு, எக்ஸ்ரே, எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று கேட்டார்கள். அது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. இங்கே வந்தபின் யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்கிறார்கள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பெண்மணி விளம்பரத்தைப் பற்றிக் கேட்டார். எட்மண்டனையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லத் தெரியவில்லை.

அன்று உங்களுக்குப் பதிவு இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். எதுவும் இல்லை, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன் என்றேன். பிறகு யோசித்து, ஒன்று வேறாக இருந்திருக்கும் என்றேன். அவர்கள் தொலைபேசி எடுத்த அன்றே அந்தக் கேள்வியை நான் கேட்டிருப்பேன். கால் விறைத்தாலோ சலம் நின்றாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அப்போதே சொல்லியிருப்பேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் இருக்க இடம் கிடைத்தும் நோர்பரி வரை நின்றுகொண்டே வந்தேன்.

பதிவு கிடைத்த செய்தி வந்தபோது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடை வாசலில் மா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கையில் மா. போனின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு வாசித்தேன். விஷயம் தெரியாத கடைக்காரர், பார்க்கிங் டிக்கெட் அடிக்கிறவன் வாறான், வானை எடுங்கோ என்று அவசரப்படுத்தினார். எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு மனைவிக்குச் சொன்னேன்.  அப்பாவுக்குச் சொல்லிப்போட்டியளோ என்று அவள் கேட்டாள்.

மாமா போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அடுத்த வருட மலருக்கு விளம்பரம் கேட்டார்கள் என்று நான் பகிடியாகச் சொன்னேன். "வேண்டாம். தேடுற ஆக்கள் தேடி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

தார்ன்டன் ஹீத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே கிழமையில் சில நாட்களுக்கு ஓர் அறை எடுத்தேன். நடை குறையும் என்று மனைவி எதிர்பார்த்தாள். குறையவில்லை. இப்போது வேறு காரணங்களுக்காக நடக்கிறேன். ஒரு நோயாளிக்குச் சொன்னது சரியா, சொல்லாமல் விட்டது எது, நாளைக்கு வரப்போகிறவரின் தலைச்சுற்று எதனால் என்று.

குளிர்காலம் முடிகிற நேரம் எட்மண்டன் அக்கா அங்கே வந்தார். லண்டனின் வடக்கு எல்லையிலிருந்து தெற்குக்கு, பஸ்சும் ரயிலும் மாறி. கையில் ஊன்றுகோல். வேலைக்குத் திரும்பிவிட்டாராம், ஆனால் கல்லாவில் இருக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது பாதம் மட்டும் இன்னும் சொன்னதைக் கேட்பதில்லை. மற்றது எல்லாம் சரி என்று சொன்னபோது இந்த முறை என் முகத்தை நேரே பார்த்தார். பிறகு, இந்தப் பாதத்துக்கு ஏதாவது செய்ய ஏலுமோ என்று கேட்டார்.

முறையாகச் சோதித்துப் பார்த்தேன். விரல்களின் பலம், தோலின் உணர்ச்சி, சுத்தியலால் தட்டிப் பார்க்கும் மறிவினை. முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டேன். அவரும் பொறுமையாக இருந்தார். கடைசியில் என்னால் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்றும், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பயிற்சியை விடாமல் செய்யுங்கோ என்றும் சொன்னேன்.

"உங்களாலையும் ஏலாதோ?"

"ஏலாது அக்கா. ஏலும் எண்டு சொன்னா நீங்கள் திரும்பத் திரும்ப வருவியள்."

அவர் அதை யோசித்தார். சப்பாத்தை மாட்ட நேரம் எடுத்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார். கதவு வரை போய், மாமா சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன். ஊன்றுகோல் ஒரு படி, கால் ஒரு படி என்று அவர் இறங்கிப் போனார். கீழே மருந்துக்கடைக் கதவு அடித்துச் சாத்தும்வரை படிக்கு மேலே நின்றேன். உள்ளே அடுத்தவர் ஏற்கெனவே வந்து இருந்தார். கையைக் கழுவிவிட்டு, முதலில் எங்கே நோகத் தொடங்கியது என்று அவரிடம் கேட்டேன்.